கருவாட்டு வண்டியின் பெல்ட்

ஜவ்வாது மலையில் புளியங்கொல்லை என்றொரு சிற்றூர். அங்கே இருக்கும் கெங்கம்மாளுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. குழந்தையில் வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு கால்களும் சூம்பிப்போயின. அண்ணன் அருணகிரி அவளை முதுகில் சுமந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். ஆறாம் வகுப்புக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும். அத்தோடு படிப்பு நின்றது.

அதற்குப் பிறகு அவள் வீட்டிலும் களத்திலும் கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து நகர்ந்தாள். உள்ளங்கைத் தோல் மாட்டின் குளம்பு மாதிரி தடித்துப்போனது. புளி சீசனில் ஊரார் கொண்டுவந்து கொட்டும் புளியை உடைத்துக் கொட்டை நீக்கிக் கொடுப்பாள். மற்ற மாதங்களில் சாமை புடைப்பாள். ஊருக்கு வெளியே அவள் பார்த்திருந்தது ஓட்டுச்சாவடியும் ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியும்தான். இதற்காக அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. கைக்கு எப்போதும் வேலை இருந்தது.

மாற்றுத்திறனாளிகளுக்குப் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவள் பெயரைப் பதிந்துவிட்டு வந்தவள் அண்ணி தேவயானி. வண்டி கிடைக்கும் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை. ஆனால் கிடைத்தது. லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்கள். அருணகிரிக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னாத்துக்கு இவளுக்கு வண்டி? எங்க போவப் போறா?"

"போனாத்தான தெரியும் எங்கன்னு" என்றாள் தேவயானி.

அறுவடை முடிந்த சாமைக் கொல்லையில் கெங்கம்மாள் வண்டி ஓட்டிப் பழகினாள். முதல் நாள் ஆட்டுப்பட்டி வேலியை இடித்துச் சாய்த்தாள். கியர் இல்லாத வண்டி. வலது கையைத் திருகினால் போகும், இரண்டு கைகளாலும் பிடித்தால் நிற்கும். கால்களுக்கு வேலையே இல்லை. வாசலில் இருந்த பாறைமேல் ஏறி, அங்கிருந்து கைகளால் உந்தி சீட்டுக்கு மாறிக்கொள்ள ஒரு வாரத்தில் பழகிவிட்டாள்.

முதலில் ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனாள். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் மலையிறங்கி ஒடுகத்தூர் வரைக்கும் போய்விட்டாள். அங்கே கடைத்தெருவில் ஒரு கருவாட்டுக் கடை முன்னால் வண்டியை நிறுத்தினாள். களிக்கும் சாமைச் சோற்றுக்கும் மலையில் கருவாடு என்றால் உயிரை விடுவார்கள். சந்தையன்று ஜமுனாமரத்தூருக்குப் போனால்தான் கிடைக்கும். அவள் கொஞ்சம் நெத்திலியும் வாளையும் வாங்கிப் பின்சீட்டுக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தாள். வழியிலிருந்த ஊர்களிலேயே எல்லாம் விற்றுப்போயிற்று. தன் வீட்டுக்கு அவள் கொண்டுவந்தது வாசனையை மட்டும்தான்.

அப்படித்தான் தொழில் தொடங்கியது. ரோட்டோரம் இருக்கும் ஊர்களில் அவள் ஹாரன் சத்தத்தைக் கேட்டதும் பெண்கள் கிண்ணத்தோடு வெளியே வருவார்கள். அவள் வண்டியைவிட்டு இறங்குவதில்லை. இறங்க வேண்டிய தேவையும் இல்லை. "கருவாட்டுக்காரம்மா" என்ற பெயர் வந்தது. அதற்கு முன்பு அவளுக்கு இருந்த பட்டப்பெயரை மெல்ல மெல்ல எல்லாரும் மறந்தார்கள்.

இரண்டாம் வருஷத்தில் வண்டியின் போக்கு மாறியது. ஏற்றத்தில் கையைத் திருகினால் இஞ்சின் உறுமும், ஆனால் வேகம் ஏறாது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல இருக்கும். சில வளைவுகளில் ரப்பர் கருகும் வாசனை வந்தது. வண்டிக்கு வயசாகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு கோடைநாள் மத்தியானம், கூடை நிறையச் சரக்கோடு மலையேறிக்கொண்டிருந்தபோது, செங்குத்தான ஒரு வளைவில் இடதுபக்கம் 'டப்'பென்று ஒரு சத்தம். இஞ்சின் வானத்துக்கும் பூமிக்கும் கத்தியது. வண்டி ஒரு கணம் நின்றது. பிறகு பின்னோக்கி உருண்டது.

அவள் இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். வண்டி சறுக்கிக்கொண்டு போய், பக்கச் சக்கரம் ஓரத்துக் கல்லில் முட்டி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம். இஞ்சினை அணைத்தாள். பிரேக்கை விட்டால் வண்டி கல்லைத் தாண்டுமா தாண்டாதா என்று தெரியவில்லை. இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்கலாம். ஆனால் இறங்க வேண்டுமானால் பிரேக்கை விட வேண்டும். அதனால் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். குரங்குகள் வந்து கூடையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின. விரல்கள் மரத்துப்போயின. நடுவில் சிறுநீர் வேறு முட்டியது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சீட்டிலேயே போனது. அதைப் பின்னால் தேவயானியிடம் மட்டும்தான் சொன்னாள்.

பலாப்பழம் ஏற்றிக்கொண்டு மேலேயிருந்து ஒரு வேன் வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, பெட்ரோல் தீந்துச்சா?"

"இல்லங்க. இஞ்சின் ஓடுது, சக்கரம் சுத்தல. மொதல்ல பின்னால ஒரு கல்லு வைய்ங்க."

அவரும் லோடுமேன்கள் இருவரும் இறங்கி வந்து கல் வைத்தார்கள். கெங்கம்மாள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"வேன்ல ஏறிக்கோக்கா. ஒடுகத்தூர்ல வுட்டுடறேன்" என்றார் டிரைவர்.

"வண்டி?"

"லோடு கீதே. நாளைக்கு ஆள இட்டாந்து எடுத்துக்கலாம்."

"வண்டிய வுட்டுட்டு நான் எங்கியும் வரல. இத எறக்கம் பாத்து திருப்பி வுடுங்க, போதும்."

"சக்கரம் சுத்தலன்னியே?"

"எறக்கத்துல அதுவே சுத்தும்."

அவர்கள் திருப்பிவிட்டார்கள். இஞ்சின் இல்லாமல், பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டு அவள் மலையிறங்கினாள். ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கினாள். வேன் அவள் பின்னாலேயே வந்தது. எதிரே ஏறி வரும் வண்டிகளுக்கு டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். அடிவாரத்துச் சமதரை வந்ததும் ஒரு கயிற்றைக் கட்டி, ஒடுகத்தூரில் நசீரின் ஒர்க்‌ஷாப் வரைக்கும் மெல்ல இழுத்துக்கொண்டு போய் விட்டார்.

நசீருக்கு முப்பது வயது இருக்கும். வாணியம்பாடியில் தொழில் கற்றுக்கொண்டு ஒடுகத்தூரில் கடை போட்டவன். வண்டியின் இடதுபக்க மூடியைக் கழற்றினான். உள்ளேயிருந்து தேங்காய் நார்போலக் கறுப்பாகப் பிய்ந்து பிய்ந்து விழுந்தது.

"பெல்ட்டு போச்சுக்கா."

"அது இன்னா பெல்ட்டு?"

"பைக்குல செயின் இருக்கும்ல, அதுக்குப் பதிலா இதுல இந்த ரப்பர் பெல்ட்டு. இஞ்சின் பக்கம் ஒரு புல்லி, பின்சக்கரத்துப் பக்கம் ஒரு புல்லி. ரெண்டையும் இதுதான் சேத்து இஸ்துகினு போவுது. கீழ ஓட்டுறவங்களுக்கு வருஷக்கணக்கா வரும். நீங்க மலை ஏறுறீங்க, கூட ரெண்டு சக்கரம், மூட்ட வேற. அது இன்னாதான் பண்ணும்?"

"மாத்துறத நான் பாக்கணும் பாய்."

"அழுக்குக்கா. நீங்க எதுக்கு? நல்லா உக்காருங்க" என்று அவளைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தான். டீ வரவழைத்துக் கொடுத்தான். மரியாதையாகத்தான் செய்தான். அவளும் வற்புறுத்தவில்லை. வேலை முடிகிறவரை அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது ஒரு புது பெல்ட்டைக் கூடுதலாக வாங்கிக் கூடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மலைமேல் பஞ்சர் ஒட்ட ஆள் உண்டு. பெல்ட் மாற்ற ஆள் இல்லை. அந்த வளைவில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. அடுத்த தடவை ரப்பர் வாசனை வந்ததுமே அவள் காத்திருக்கவில்லை. பெல்ட்டைத் தானே மாற்றுவது என்று முடிவு செய்தாள். சிக்னல் கிடைக்கும் பாறைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு, தேவயானியின் போனில் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதில் பேசியவன் இந்தியில் பேசினான். கைகளை மட்டும் பார்த்துக்கொண்டாள்.

வாசலில் சாக்கை விரித்து வேலையை ஆரம்பித்தாள். பக்கச் சக்கரத்தைத் தாங்கும் குழாய் மூடியை மறைத்துக்கொண்டிருந்தது. வண்டிக்கு அடியில் கல்லை அணைகொடுத்து, குழாயைக் கழற்றினாள். பிறகு மூடி. முன்புல்லியின் நட்டுதான் அசையவில்லை. மெக்கானிக்குகள் அதைக் காற்று மெஷின் வைத்துக் கழற்றுவார்கள். கெங்கம்மாள் புல்லியைக் கம்பி கொடுத்து நிறுத்தி, நீளமான ஸ்பேனரைப் பிடித்து மொத்த உடம்பையும் அதன்மேல் சாய்த்தாள். உடம்பை ஆயுசு முழுக்கத் தூக்கி நகர்த்திய தோள்கள் அவை. நட்டு சுழன்றது. அருணகிரி பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கொல்லைக்குப் போனார்.

புது பெல்ட்டை மாட்டி, நட்டை இறுக்கி, எல்லாவற்றையும் மூடினாள். வண்டி ஓடியது. தேவயானியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தாள்.

அடுத்த நாள் ஏற்றத்தில் இடதுபக்கம் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினாள். வீடு வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. லோடு வண்டி ஒன்றில் ஏற்றி ஒடுகத்தூருக்குக் கொண்டுபோனாள்.

நசீர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். பெல்ட் போடும்போது அதைப் பின்புல்லியின் பள்ளத்துக்குள் ஆழமாக அழுத்திவிட வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் தளர்ச்சி கிடைக்கும். அவள் அதைச் செய்யவில்லை. பெல்ட் முன்புல்லியின் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. நட்டு இறுகிவிட்டதுபோலத் தோன்றியது, ஆனால் இறுகியது பெல்ட்டின்மேல்தான். ஓட ஓட நட்டு தளர்ந்து, புல்லி ஆடி ஆடி, அது உட்காரும் தண்டின் பற்களையெல்லாம் தின்றுவிட்டது.

"இஞ்சின பிரிக்கணும்க்கா. அந்தத் தண்டோட சேத்து உள்ள இருக்கற கிராங்க்கயே மாத்தணும். சாமான் வேலூர்லர்ந்து வரணும். யாரு உங்கள இத தொடச் சொன்னது?"

"நீங்க சொல்லிக் குடுத்திருந்தா இப்டி ஆயிருக்காது."

"நான் செய்யறப்போ பாத்துகினுதான இருந்தீங்க?"

"நாற்காலில உக்கார வெச்சீங்க. உங்க முதுகுதான் பாய் தெரிஞ்சுது."

நசீர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, வேறொரு வண்டியைப் பார்க்கப் போய்விட்டான்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கெங்கம்மாள் அந்த லோடு வண்டியிலேயே ஊருக்கு வந்தாள். வாசலிலிருந்து அடுப்படிக்குக் கை ஊன்றிப் போனபோது உள்ளங்கை வலித்தது. திருப்பிப் பார்த்தாள். இந்த இரண்டு மூன்று வருஷத்தில் அந்தத் தடித்த தோல் உரிந்து, கை மிருதுவாகியிருந்தது. இரண்டு நாளில் கொப்புளம் போட்டது. தேவயானி பழைய துணியைச் சுற்றிவிட்டாள். முன்பெல்லாம் சாதாரணமாக இருந்த வாசலும் களமும் இப்போது அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் களத்துக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. தேவயானி வந்து கூப்பிடும்வரை அங்கேயே இருந்தாள்.

"இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் இல்ல. கை வலிக்குது."

அவளுடைய ஊர்களுக்கு ஒரு வேன் வர ஆரம்பித்தது. கூரையில் ஸ்பீக்கர் கட்டி, பதிவு செய்த குரலில் "கருவாடே, கருவாடு" என்று கத்திக்கொண்டு வரும். ஒருநாள் புளியங்கொல்லைக்கும் வந்தது. தேவயானி கொஞ்சம் நெத்திலி வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகுதான் நாத்தனாருக்கு என்ன தோன்றுமோ என்று யோசித்தாள். கெங்கம்மாள் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டாள்.

"நல்லாத்தான் கீது" என்றாள்.

சாமான் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நசீர் போன் செய்தபோது வண்டி தயாராகிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். லோடு வண்டி பிடித்து ஒடுகத்தூர் போய்ப் பார்த்தால் இஞ்சின் வேலை முடிந்திருந்தது. ஆனால் இடதுபக்கம் திறந்தே கிடந்தது. பக்கத்தில் சாக்கு விரித்திருந்தது. பெல்ட் சாக்கின்மேல் இருந்தது.

"நீங்களே போடுங்க. நான் பாக்கறேன்" என்றான் நசீர்.

அவள் சாக்கில் உட்கார்ந்தாள். இஞ்சின் அவள் நெஞ்சு உயரத்துக்குச் சரியாக இருந்தது. நசீர்தான் குனிந்தும் மண்டியிட்டும் சிரமப்பட வேண்டியிருந்தது.

"மொதல்ல உள்ள இருக்கற தூச எல்லாம் துணியால தொடைங்க. ஆயிலு, கிரீசு எதுவும் பெல்ட்டுமேல படக்கூடாது, வழுக்கிடும். அம்புக்குறி கீதா? அது முன்னால பாத்து இருக்கணும். இப்ப பின்புல்லிய ரெண்டு கையாலயும் பிரிங்க. ஸ்பிரிங்கு கஷ்டமா இருக்கும். ம்... பெல்ட்ட உள்ள அமுக்குங்க. இன்னும். இப்ப முன்னால பாருங்க."

முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. புல்லியின் தட்டைப் பொருத்தி, பெல்ட் நடுவில் சிக்கவில்லை என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தபின் நட்டை இறுக்கினாள். நசீர் அதைச் சோதித்துப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் திரும்பக் கழற்றச் சொன்னான். அன்று அவள் மூன்று தடவை கழற்றி மாட்டினாள். தொழுகைக்குப் போய்விட்டு வந்தவன், மூன்றாவதைப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வாங்கக்கா" என்றான்.

ரோட்டோர ஊர்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அங்கே வேனுக்குப் பழகிவிட்டார்கள். கெங்கம்மாள் வேன் நுழையாத, உள்ளடங்கிய ஊர்களுக்குப் போக ஆரம்பித்தாள். காட்டுக்குள் சிமெண்ட் பாதையும் மண்பாதையுமாக மாறி மாறி வரும். ஓடை குறுக்கிடும் இடங்களில் வண்டி முக்கி முனகி ஏறும். வியாபாரம் முன்பைவிடக் குறைவு, பெல்ட் தேய்வது அதிகம். மழை முடிந்ததும் ஒருமுறை, புளி சீசனுக்கு முன்னால் ஒருமுறை மூடியைத் திறந்து, தூசி துடைத்து, பெல்ட்டைக் கழற்றி மடக்கிப் பார்ப்பாள். பற்களுக்கு நடுவில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுவாள்.

அப்படிப் போன ஓர் ஊரில்தான் ஆனந்தனைப் பார்த்தாள். புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவன். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவனுக்கும் அதேபோல ஒரு ஸ்கூட்டர் கிடைத்திருந்தது. அது மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. கால் வைக்கும் இடத்தில் வைக்கோல் பரப்பி அவன் அம்மா ரத்தினம்மாள் கோழியை அடைக்கு வைத்திருந்தாள்.

"வண்டிக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

"ஓடல" என்றான் ஆனந்தன், கட்டிலில் படுத்தபடி.

"இஞ்சினு ஓடுதா?"

"இஞ்சினு கத்தும். வண்டி நவுராது. போன வருஷமே வுட்டுட்டேன்."

"பெல்ட்டு மாத்துனா ஓடும்."

"ஓடி எங்க போவணும்க்கா? வேணாம் வுடு."

கெங்கம்மாள் ரத்தினம்மாளுக்குக் கருவாடு நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் வந்தபோது ஒரு பெல்ட்டும் ஸ்பேனர் பையும் கொண்டுவந்தாள். கோழியை முட்டைகளோடு கூடைக்கு மாற்றச் சொன்னாள்.

"அது அடையிலர்ந்து ஏந்திரிச்சா அப்பறம் உக்காராதும்மா" என்று ரத்தினம்மாள் தயங்கினாள்.

"உக்காரலன்னா நான் வேற கோழி குடுக்கறேன். தூக்கு."

மூடிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. அதை வாரி வெளியே போட்டு, துருவைச் சுரண்டி, பிய்ந்துகிடந்த பழைய பெல்ட்டின் நாரையெல்லாம் பொறுக்கி எடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. ஆனந்தன் கட்டிலில் படுத்தபடி பார்த்தான். பிறகு முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தான். பின்புல்லியைப் பிரிக்க அவள் திணறியபோது, "நான் பிடிக்கட்டா?" என்றான். ரத்தினம்மாள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து கீழே உட்காரவைத்தாள். அவன் பிரித்துப் பிடித்தான், கெங்கம்மாள் பெல்ட்டை அழுத்தினாள். பேட்டரி செத்துக் கிடந்தது. ரத்தினம்மாள்தான் உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்தாள். வீட்டுக்காரர் இருந்த காலத்தில்கூட அவள் வண்டியை உதைத்ததில்லை. அடியில் கல் கொடுத்து அந்தரத்தில் நின்ற பின்சக்கரம் சுற்றியபோது அவள் பயந்து விலகினாள்.

ஆனந்தன் அன்று ஓட்டவில்லை. அதற்கடுத்த வாரமும் ஓட்டவில்லை என்று ரத்தினம்மாள் சொன்னாள். கெங்கம்மாள் காதில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜமுனாமரத்தூர் சந்தையன்று ரத்தினம்மாளிடமிருந்து போன் வந்தது. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போன மகன் இன்னும் திரும்பவில்லை என்று அழுதாள். போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். "ஒன்னாலதான், எதுனா ஆச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்" என்றாள்.

கெங்கம்மாள் கூடையைக்கூட இறக்காமல் கிளம்பினாள். ஓடைகளைப் பார்த்துக்கொண்டே, வளைவுகளில் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். எங்கும் வண்டி விழுந்த தடம் இல்லை. ஜமுனாமரத்தூர் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் அந்த ஸ்கூட்டரைக் கண்டாள். ஒரு டீக்கடை முன்னால் நின்றது. ஆனந்தன் அதன்மேலேயே உட்கார்ந்து, கையில் பஜ்ஜியை வைத்துக்கொண்டு, தன் வயதுக்காரர்கள் நாலைந்து பேரிடம் எதையோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் சிரித்தார்கள். அவன் இவளைப் பார்க்கவில்லை.

அவள் கிட்டே போகவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு, சிக்னல் இருக்கும் இடத்திலேயே நிறுத்தி, ரத்தினம்மாளுக்குப் போன் செய்தாள்.

"இங்கதான் கீறான். டீ குடிச்சிகினு கீறான்."

"காலைல இருந்தா?" என்றாள் ரத்தினம்மாள். "ஒரு டீ குடிக்க இவ்ளோ நேரமா?"

"ஆமா. இன்னொரு டீயும் சொல்லி கீறான். நீ சோத்த ஆக்கி வை."

போனை வைத்துவிட்டு, வந்தது வந்தாயிற்று என்று சந்தை வாசலிலேயே கூடையைத் திறந்தாள்.